குனியாமல் கண்டுபிடிப்பவர்

உங்கள் ஊரிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். வண்டி நடுவழியில் நின்றால் போதும். நீங்கள் இறங்கி, பானட்டைத் தூக்கி, அதற்கு முட்டுக் கொடுக்கும் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நிற்பார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். ஸ்டார்ட் பண்ணச் சொல்வார், பண்ணுவீர்கள். நிறுத்தச் சொல்வார், நிறுத்துவீர்கள். ஒரு நிமிடம் தூரத்து மலையைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு வந்த நோயையும், அது வந்த காரணத்தையும், விற்றவன் உங்களை ஏமாற்றிய விதத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். இத்தனையும் நின்ற நிலையிலேயே. டயரைக்கூடக் கையால் தொட்டிருக்க மாட்டார். மிஞ்சிப்போனால் செருப்புக் காலால் ஒரு தட்டு. இவர்தான் குனியாமல் கண்டுபிடிப்பவர்.

இவரை மெக்கானிக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெக்கானிக் என்பவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவர், சட்டையெல்லாம் கிரீஸ் ஆனவர், என்ன கேட்டாலும் 'பார்த்தால்தான் தெரியும்' என்று சொல்கிற அப்பாவி. அப்படிச் சொல்கிறவரை யார் மதிப்பார்கள், பார்க்காமலே தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது?

குலசேகரம் பக்கத்தில் மூன்று ரோடு சேருகிற ஒரு முக்கில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். பெயர் நாராயணபெருமாள். வயது அறுபத்திரண்டு. சுதனின் பஞ்சர் கடை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அது சுதன் தனக்காக வாங்கிப் போட்டது, ஆனால் சுதன் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாராயணபெருமாள் காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தாரென்றால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். சட்டைப்பையில் மஸ்கட்டில் வாங்கிய பேனா டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். எந்த வண்டிக்குள்ளும் அது இதுவரை எரிந்ததில்லை. மூட்டுவலி, முதுகுவலி ஒன்றும் கிடையாது. குமாரகோயிலில் தரையோடு தரையாக விழுந்து கும்பிட்டுவிட்டு, யாரும் கைகொடுக்காமல் எழுந்து நிற்பார். வண்டிக்கு முன்னால் மட்டும்தான் அந்த இடுப்பு மடங்காது.

பதினாலு வருஷம் மஸ்கட்டில் வண்டி ஓட்டியவர். இதை முக்கில் யாருக்கும் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, அவரே ஞாபகப்படுத்திவிடுவார். ஆளுயர மணல்மேடு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, எதிரே பாதையே இல்லாத பாதை என்று அவர் ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் பல்லில் மணல் நறநறக்கும். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்த வண்டியில் டிரைவர் செய்ய வேண்டியிருந்த வேலை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை விரலால் அமுக்குவது. அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், நாலு சக்கரமும் இழுக்கும். ஏன் இழுக்கிறது, எப்படி இழுக்கிறது என்று வண்டியும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கோளாறு என்றால் கம்பெனி ஆள் வேறு வண்டியில் வந்து பார்த்துக்கொள்வான்; இவர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பார். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட மணலில் மண்டியிட வேண்டி வரவில்லை. அதை ஒரு பெருமையாகவே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்த நாற்காலிக்கு முன்னால்தான் ஆனி மாதம் முதல் வாரத்தில் இஸ்ரவேல் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடி ஓய்ந்த வண்டி. மாசி மாதம் வாங்கினான். அதில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். அதை இழுத்தால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். வெயில் காலத்தில் அதற்குத் தேவை வரவில்லை. மழை விழுந்து குன்றுப் பாதை செம்மண் சேறான அன்றைக்குத்தான் இழுத்துப் பார்த்தான். கம்பி வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன.

வேடிக்கையோடு முடிகிற காரியமில்லை அது. குன்றின் மேலே இஸ்ரவேலும் அவன் மனைவி செல்லபாயும் குத்தகைக்கு எடுத்த ரப்பர் தோட்டம். மழைக்காலத்தில் வெட்டின இடத்தில் மழை இறங்காமல் மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டி, விடியுமுன் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைக் கேனில் சேர்த்து, அது உறைவதற்குள் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வண்டி மேலே ஏறினால் வண்டி சுமக்கும். ஏறாவிட்டால்? இஸ்ரவேல் சுமந்தான். ஒரு ஆள் சுமந்து தீராதென்பதால் செல்லபாயும் சுமந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் கேன், காலுக்குக் கீழே வழுக்குகிற சேறு, ஒரு நாளைக்கு ஆறு நடை. ஒரு வாரத்தில் அவளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, இனிமேல் தலையில் சுமை வைக்கவே கூடாது, வைத்தால் கை மரத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுமந்தாள். வேறு என்ன செய்வாள்?

ஆக, நாராயணபெருமாளிடம் வந்தது ஒரு வண்டியின் கேள்வி மட்டுமல்ல, ஒரு பெண்ணின் கழுத்தின் கேள்வியும்கூட. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கையைப் பின்னால் கட்டினார். குட்டைக் கம்பியை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். தலையைச் சாய்த்தார். மலையைப் பார்த்தார்.

"செயினாக்கும் மக்கா," என்றார்.

நடுவிலுள்ள பெட்டிக்குள் செயின் தேய்ந்துபோயிற்று, இதே சத்தத்தை மஸ்கட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் என்றார். இஸ்ரவேல் தக்கலைக்குக் கொண்டுபோனான். அங்கே இரண்டு நாள் வண்டியைப் போட்டு, பெட்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், இந்த மாதிரி வண்டியில் செயினே கிடையாது, பல்சக்கரம்தான், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடிக் கொடுத்தார். வேறொருவராக இருந்தால் கொஞ்சம் அசந்திருப்பார். நம்மவரா அசருவார்? செயின் இருக்க வேண்டிய இடத்தில் செயினே இல்லையென்றால் வண்டி எப்படி இழுக்கும் என்று கேட்டார். நான் அப்பவே நெனச்சேன் என்றார்.

'நான் அப்பவே நெனச்சேன்' என்பது இந்த இனத்தின் மந்திரம். எப்போது நினைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய நாட்காட்டியில் 'அப்பவே' என்று ஒரு நாள் தனியாக இருக்கிறது. உலகத்திலுள்ள எல்லாக் கோளாறும் அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற தண்டின் மூட்டிலுள்ள கிராஸ் போயிருக்கும் என்றார். கிராஸ் மாற்றியாயிற்று, வண்டி ஏறவில்லை. எண்ணெய் தடித்திருக்கும் என்றார். எண்ணெய் மாற்றியாயிற்று, வண்டி ஏறவில்லை. டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். சுதன் குறைத்தான், பிறகு கூட்டினான், பிறகு பழையபடி வைத்தான். வண்டி ஏறவில்லை. ஒரு நாள் மட்டும் கொஞ்சம் தடுமாறி, மஸ்கட் மணல் நல்ல மணல், இந்தச் சேறு சரியில்லை என்றார். அதற்கும் இஸ்ரவேல் தலையாட்டினான். வெளிநாட்டில் ஓட்டியவர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்பது அவன் எண்ணம்.

மூன்றாவது வாரம் கடைசித் தீர்ப்பு வந்தது. பெட்டி, தண்டு, முன் ஆக்சில் எல்லாம் தளர்ந்துவிட்டது, இனி இதில் கைவைப்பது வீண், வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். புதுக்கடை ஊரில் பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கிற உவைஸுக்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு செல்லபாயும் கழுத்துப் பட்டையோடு வந்திருந்தாள். கிளம்பும்போது, உடம்போடு சேர்த்துத்தான் தலையைத் திருப்ப முடியும் என்பதால் முழுசாகத் திரும்பி நின்று கேட்டாள்.

"அண்ணே, ஒருவாட்டி குனிஞ்சு பாத்தா என்ன?"

சுதனின் சுத்தியல் நின்றது. நாராயணபெருமாள் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"குனிஞ்சு பாக்கதுக்கு மெக்கானிக்மாரு இருக்காவ. நான் பாக்காம சொல்லுதவனாக்கும்."

நல்ல பதில்தான். முக்கில் நாலுபேர் அதை ரசிக்கவும் செய்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்பில் மாட்டிய கல் மாதிரி உறுத்தியது. ஏன் குனிவதில்லை? அவருக்கே தெரியும். நிற்கும்வரை தெரிந்ததையெல்லாம் சொல்லலாம். குனிந்துவிட்டால் கண்டதைத்தான் சொல்ல முடியும். கண்டும் ஒன்றும் புரியாவிட்டால்? அவர் மனைவி சண்முகவடிவுக்கும் இது தெரியும். போன மாதம் வீட்டில் மிக்ஸி நின்றபோது சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே மோட்டார் எரிந்துபோயிற்று என்று சொன்னார். அவள் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவர் குன்றின் அடிவாரத்துக்கு நேரத்தோடேயே போய்விட்டார். எதற்கு? தீர்ப்புச் சொன்னவருக்கு அது நிறைவேறுகிறபோது கூட நிற்க வேண்டுமென்று ஒரு கடமை உண்டல்லவா. இஸ்ரவேல், உவைஸை வழிகாட்டிக் கூட்டிவர முக்குக்குப் போயிருந்தான். வண்டி தனியாக நின்றது. மழை விட்டு, ரப்பர் இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேலே செல்லபாயைப் பார்த்தார். தலையில் கேனோடு இறங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் பட்டை இல்லை. ஒரு கை கேனைப் பிடித்திருக்க, மறு கையால் பக்கத்து மரத்தைப் பிடித்து, ஒரு காலை ஊன்றிப் பார்த்து, பிறகு மறு காலை எடுத்து வைத்தாள். நடுவில் கால் வழுக்கியது. விழவில்லை. அப்படியே நின்று, மரத்தை விட்ட கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள். கேன் அசையவில்லை.

நாராயணபெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு அப்படி இருந்ததே இல்லை. வண்டி போனால் இந்தக் கழுத்து போகும். வண்டியைப் போகச் சொன்ன வாய் தன்னுடையது. அக்கம்பக்கம் பார்த்தார். முக்குப் பக்கமிருந்து யாரும் வரவில்லை. மேலே நிற்பவளால் தலையைத் தாழ்த்த முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடதுபக்க முன் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார்.

சக்கரத்தின் நடுவில் டப்பா மூடி அளவுக்கு வட்டமாக ஒன்று இருந்தது. சில்வர் பெயிண்ட். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பழைய வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டுமென்றால் முதலில் காட்டுவது பெயிண்டரிடம். பெயிண்டரும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். சக்கரம் பளபளக்க வேண்டுமென்றால் சக்கரத்தில் உள்ள எல்லாமே பளபளக்க வேண்டும். நட்டு, போல்ட், காய்ந்த சேறு, அதன்மேல் ஒட்டியிருந்த ஈசல் இறகு, எதையும் வேற்றுமை பார்க்காமல் ஒரே இழுப்பு. இந்த வண்டி எத்தனை எஃப்.சி. கண்டதோ அத்தனை பூச்சு அந்த வட்டத்தின்மேல் இருந்தது. நாராயணபெருமாள் வீட்டுச் சாவியால் சும்மா சுரண்டினார். ஒரு ஆங்கில எழுத்து தலைகாட்டியது. இன்னும் சுரண்டினார். 'ஃப்ரீ' என்று வந்தது. கொஞ்சம் தள்ளிச் சுரண்டினால் 'லாக்'. நடுவில் ஒரு அம்புக்குறி. அது 'ஃப்ரீ'யைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்துபோயிற்று. மஸ்கட்டில் ஒரு பொத்தான் ஒளித்து வைத்துச் செய்த வேலையை இந்தப் பழைய வண்டியில் மனுஷன் இறங்கிக் கையால் செய்ய வேண்டும். அந்த வட்டக் குமிழைத் திருகி அம்பை 'லாக்'கில் வைத்தால்தான் சக்கரம் தண்டைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உள்ளே தண்டு சுற்றும், சக்கரம் தன்பாட்டுக்கு நிற்கும். பெட்டியிலும் ஒன்றுமில்லை, தண்டிலும் ஒன்றுமில்லை. சேற்றின்மேல் சொன்ன பழியும் பொய். பெயிண்ட் இறுகிப் பிடித்திருந்த குமிழை, நகம் ஒன்று பிளக்கிற அளவுக்கு நெம்பித் திருகினார். 'டக்'கென்று போய் உட்கார்ந்தது.

நிமிர்ந்து கையைத் துடைத்தார். இனி என்ன? உண்மையைச் சொல்லிவிடுவதா? மூன்று வாரம் பார்க்காமலே சொன்னேன், இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அவர் வேறு மாதிரி யோசித்தார். வண்டி ஏறினால் போதும். எதனால் ஏறிற்று என்பது ஏறின பிறகு யாருக்கு வேண்டும்?

உவைஸின் லாரி வந்தது. கூடவே இஸ்ரவேல், வேடிக்கை பார்க்கச் சுதன். நாராயணபெருமாள் கையை உயர்த்தி வடத்தைக் கட்ட வேண்டாம் என்றார். விடிய விடிய யோசித்ததாகவும், கோளாறு பிடிபட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு முறை சொன்னார்: இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும், குட்டைக் கம்பியை இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டும், இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும், அதன்பிறகே முதல் கியர். ஹாரன் எதற்கு என்று சுதன் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். நூறு வண்டிகளை உடைத்த உவைஸே கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்.

இஸ்ரவேல் சொன்னபடி எல்லாம் செய்தான். ஹாரன் குன்றில் எதிரொலித்தது. வண்டி பாதையில் ஏறி, இரண்டு முழம் போய், நின்ற இடத்திலேயே சேற்றை வாரி நாராயணபெருமாளின் வெள்ளை வேட்டியில் அடித்தது.

வண்டிக்கு முன் சக்கரம் இரண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மஸ்கட்டில் பொத்தான் ஒன்றுதானே இருந்தது? ஒன்றைத் திருகியதும் வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டார். இப்போது விளங்கியது. விளங்கி என்ன? மறுபக்கத்துச் சக்கரம் அத்தனை பேரும் நிற்கிற பக்கத்தில் இருந்தது. நாலு எட்டு நடந்து, எல்லாரும் பார்க்கக் குனிய வேண்டும். நின்ற இடத்திலேயே வேட்டிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். உவைஸ் வடத்தை எடுத்தார். நாராயணபெருமாள் வாயைத் திறந்தார். சேறு சரியில்லை என்றுதான் வந்தது.

செல்லபாய் அதற்குள் கீழே வந்து, கேனை இறக்கி வைத்துவிட்டு, பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். இடதுபக்கச் சக்கரத்தில் புதிதாகச் சுரண்டியிருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தாள். வண்டியைச் சுற்றி வந்து வலதுபக்க முன் சக்கரத்துக்கு எதிரே, கழுத்து வளையாது என்பதால் முதுகை நேராக வைத்தபடி மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து, மரப்பட்டையைச் சீவுகிற அதே பக்குவத்தில் பெயிண்டைச் சுற்றிச் சீவினாள். குமிழைத் திருகினாள். 'டக்'கென்றது.

"இனி எடுங்க," என்றாள் புருஷனிடம்.

முன் சக்கரங்கள் சேற்றைக் கவ்வின. வண்டி ஒரு தடவை குலுங்கி, முனகி, நின்று யோசிக்காமல் ஏறிப் போயிற்று. வளைவு தாண்டி, மேலே பால் கேன்கள் நிற்கிற கொட்டகை வரைக்கும் போய், அங்கேயிருந்து ஹாரன் கேட்டது. யாரும் சொல்லாமல் இஸ்ரவேல் தானாக அடித்த ஹாரன். செல்லபாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியுமுன்பே கண்ணீர் வழிந்து பட்டையை நனைத்தது.

உவைஸ் வடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

"இதத்தான் நான் சொல்ல வந்தேன்," என்றார் நாராயணபெருமாள்.

நம்புவீர்களோ என்னவோ, உவைஸ் ஆமாம் என்று தலையாட்டினார். சுருட்டிய வடத்தை லாரியில் போட்டுவிட்டு, புதுக்கடையில் ஒரு வண்டி ஆறு மாதமாகக் கிடக்கிறது, அண்ணன் ஒருநாள் வந்து சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டே போனார்.

வேட்டியிலிருந்த சேற்றைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது செல்லபாய் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க குனிஞ்சத நான் இறங்கி வரச்சில கண்டேன். பேடிக்காண்டாம். ஆருட்டயும் சொல்ல மாட்டேன்."

கேலியாகச் சொல்லவில்லை. பயப்பட வேண்டாம் என்று, ஒரு தப்பை மறைத்துக் கொடுப்பவள்போல, உண்மையான இரக்கத்தோடு சொன்னாள். நாராயணபெருமாள் வேட்டியில் சேறே படாத இடத்தையும் சேர்த்துக் கழுவினார்.

சிவப்பு நாற்காலி இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது, அவரும் அதில்தான் இருக்கிறார். இஸ்ரவேல் வண்டியின் கோளாறைச் சத்தத்தை வைத்தே பிடித்தவர் என்று முக்கில் பேச்சு. அவர் மறுக்கவில்லை. ஆனால் பேனா டார்ச்சுக்குப் புதிதாக பேட்டரி வாங்கியிருக்கிறார். மதியம் கடையடைத்த நேரத்தில் ரோட்டோரம் நிற்கிற வண்டிகளுக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்சம் போய் வருவதைச் சுதன் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். ஆள் யாரென்று அவன் போய்ப் பார்க்கவில்லை.

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இஸ்ரவேல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே கோளாறு முன் சக்கரத்தில்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குமிழ் வந்த இடத்தில் 'நான் அப்பவே நெனச்சேன்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டீர்கள். இல்லையென்று சொல்லாதீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறோம், கெட்டிக்காரர்தான். குனியாமலே அது தெரிந்தபோது நீங்கள் எதில் உட்கார்ந்திருந்தீர்கள்?